லாரிக்கு ஏரிதான் உட்காரும்

நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. டைல்ஸ் ஒட்டுவது தொழில். விசேஷ வீடுகளில் கானா பாடுவேன். வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் தெரு முழுகியபோது ஒரு பாட்டு கட்டினேன். அதில் ஒரு வரி:

"லாரி லாரியா மண்ணு கொட்டிகினான், ஏரி எங்க சொல்லு நைனா."

ஒருநாள் வேலை நடக்கும் இடத்துக்கு ஒருவர் வந்தார். ஏரி இருந்த இடத்தில் மனை போட்டு விற்பவர், திருவிழா கமிட்டியிலும் இருப்பவர். மிரட்டவில்லை.

"பாட்டு சூப்பர்பா. அந்த ஒரு வார்த்தை எதுக்கு? திருவிழாக்கு உன்னத்தான் கூப்பிடலாம்னு கீறேன்."

அன்று முதல் ஏரியைத் தேராக்கினேன். பாட்டில் லாரிக்கு எதுகையாக ஏரிதான் உட்காரும், தேர் உட்காரவில்லை. ஆனாலும் பாடினேன். அதோடு நிற்கவில்லை. அவர் கேட்காததையும் நானே எடுத்தேன். வேறு பாட்டில் குளம் வந்தது, எடுத்தேன். மண் வந்தது, எடுத்தேன். தண்ணி வந்தது. சரக்கு என்று நினைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவைத்தேன்.

டோலக் அடிக்கிற நண்பன் சொன்னான்: "இப்டியே போனா வெறும் தானானாதான் மச்சான் பாடுவ."



போன மாதம் பெருங்களத்தூரில் ஒரு காதுகுத்து. மதியச் சாப்பாடு முடிந்து பாட நின்றேன். மனைக்காரர் முன்வரிசையில் இருந்தார். "தேரு எங்க" என்று பாடினேன். மீன் விற்கிற அக்கா ஒருவர், எங்கள் தெரு, வெள்ளத்தில் எங்களோடு மூன்று நாள் மொட்டைமாடியில் இருந்தவர், எழுந்து கத்தினார்.

"ஏரிடா. இன்னாடா, உன் பாட்டு உனுக்கே மறந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மனைக்காரரும் சிரித்தார். ஆமாம் அக்கா, மறந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மனைக்காரர் தலையாட்டி அதைத்தான் சொல்லச் சொன்னார்.

நான் மைக்கில் சொன்னேன்: "மறக்கலக்கா. பயந்துகினு மாத்திட்டேன்."

சிரிப்பு நின்றது. நண்பனைப் பார்த்து, "முதல்லேந்து அடி" என்றேன். பாடினேன். ஏரி வரும் இடத்தில் மைக்கை அவர்கள் பக்கம் திருப்பினேன். கூடம் முழுக்கச் சொன்னது. அக்கா, "இன்னொரு வாட்டி" என்றார். நாலு வாட்டி பாடினோம்.

மனைக்காரர் எழுந்து கிட்டே வந்தார். "திருவிழா உனக்குக் கெடயாதுபா."

"சரி சார்" என்றேன்.

அடுத்த வரிக்குப் போனேன்.