ஆட்டுக்கு நாலு கால் உண்டு

அவரை எல்லோரும் மைக் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். அவர் "உட்காருங்க" என்றால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்துவிடும். அப்படியொரு குரல். போதாததற்கு, டீச்சர் ஆவதற்கு முன்னால் அவர் நிஜமாகவே மைக்கில் பேசித்தான் சம்பளம் வாங்கினார்.

நகரத்துப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறையை ஒட்டி ஒரு சின்னக் கூண்டு. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சுற்றினால் சத்தம் போடும் மின்விசிறி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, "பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று குழைவாக முடிப்பார். பொத்தானை அணைத்த கையோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, டீ குடிச்சது போதும், வண்டிய எடுங்க! சனங்க வெயில்ல வேகுறாங்க" என்று கத்துவார். அப்படித் திட்டு வாங்கிய டிரைவர்களில் ஒருவர்தான் பிற்பாடு அவரைக் கட்டிக்கொண்டார். "மைக்ல தேன் ஒழுகும், அணைச்சா தேனீ கொட்டும்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார் அந்த மனிதர்.

பிறகு நிலையத்துக்குப் பதிவு செய்த குரல் வந்தது. கூண்டைப் பூட்டினார்கள். ஆசிரியர் பயிற்சியை எப்போதோ முடித்து வைத்திருந்ததால் பள்ளி வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைத்த இடம், மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கல்குவாரிகளுக்கு நடுவில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளி. நாலாம் வகுப்பு.

நகரத்தில் டீச்சராக இருந்த நாத்தனார் உதட்டைப் பிதுக்கினார். "கிழக்கா? அங்க போனவங்க எல்லாம் வந்த நாள்லயே மாறுதலுக்கு எழுதிப் போடுறாங்க அண்ணி."

காரணம் இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் மாவட்டம் முழுக்க ஒரே எழுத்துத் தேர்வு நடக்கும். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். பிள்ளைகள் சொந்தமாக எழுத வேண்டும். மேற்கே நகரத்துப் பள்ளிகளில் பத்துக்கு எட்டுப் பேர் தேறுவார்கள். கிழக்கே மூன்று பேர் தேறினால் அதிகம். முடிவு வந்ததும் மாவட்டக் கல்வி அதிகாரி எல்லா ஆசிரியர்களையும் கூட்டி, சுவரில் மாவட்ட வரைபடத்தை மாட்டுவார். நன்றாகத் தேறிய வட்டாரம் பச்சை, மோசமானது சிவப்பு. கிழக்கு எப்போதும் சிவப்பு.

மைக் டீச்சர் போன முதல் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "கிழக்குல சூரியன் மட்டுந்தான்யா உதிக்கும்" என்றார். மண்டபமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தன் பிள்ளைகளைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டோமே என்று அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வாய் மூடாத வாயாடி. அதனால் பெயரே ரேடியோ. ஒரு காலை அவள் பையைக்கூட இறக்காமல் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், நேத்து குவாரில வெடி வைக்க விசில் ஊதிட்டாங்க. எல்லாரும் ஓடுறாங்க, எங்கப்பா மட்டும் ஓடல. என்னன்னு பாத்தா பாறை மேல ஒரு ஆடு, மகாராணி கணக்கா நிக்குது! கெஞ்சிப் பாத்தாரு, திட்டிப் பாத்தாரு, ம்ஹூம். கடைசில மேஸ்திரியோட தொப்பிய எடுத்து ஆட்டிக் காட்டினாரு. திங்கலாம்னு ஓடி வந்துச்சு பாருங்க! அப்புறந்தான் டமால்! மேஸ்திரி வந்து என் தொப்பி எங்கடான்னு கேக்குறாரு. ஆட்டு வாயில பாதி இருக்கு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "இதையே அப்படியே எழுதிக் கொண்டா" என்றார் டீச்சர். கொஞ்ச நேரத்தில் தாள் வந்தது.

'ஆடு ஒரு வீட்டு விலங்கு. ஆட்டுக்கு நான்கு கால்கள் உண்டு. ஆடு இலை தின்னும்.'

"ஏம்மா, தொப்பி எங்க?"

"அது பேசுறது டீச்சர், எழுதுறது இல்ல. முன்ன இருந்த டீச்சர் 'வந்துச்சு'ன்னு எழுதினதுக்குத் தப்புன்னு வட்டம் போட்டாங்க. இதுல எங்கயும் வட்டம் போட முடியாதுல்ல?"

மைக் டீச்சர் மற்றத் தாள்களைப் புரட்டினார். எல்லாம் பசு பால் தரும், சூரியன் ஒளி தரும் என்ற வகை. நகரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கதைப் புத்தகம் உண்டு. படித்துக் காட்ட ஆள் உண்டு. புத்தகத் தமிழ் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கே அதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே எங்கும் கேட்க முடியாது. சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களும் மழைக்கு ஒதுங்கியவர்கள் போல வந்து வந்து போனார்கள். பிள்ளைகளிடம் சரக்கு இல்லாமல் இல்லை. வட்டத்துக்குப் பயந்து உள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள்.

மறுநாள் காகிதத்தைச் சுருட்டி வாயருகே பிடித்துக்கொண்டு வகுப்பு முன்னால் நின்றார். "பஸ் ஸ்டாண்டுல எனக்கு ரெண்டு வாய் இருந்துச்சு. ஒண்ணு மைக் போட்ட வாய், இன்னொண்ணு மைக் போடாத வாய். ரெண்டும் எனக்கு வேணும்" என்று சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "கொசு கடிச்சுச்சு" என்பான் ஒருவன். காகிதச் சுருளை வாங்கி இன்னொருத்தி, "பயணிகளே, கொசு கடித்தது" என்பாள். முதலில் பேசுகிறபடியே ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் வட்டம் கிடையாது. பிறகு அதையே மைக் போட்டு இன்னொரு தாளில் எழுத வேண்டும்.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், சிவப்பு நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனவர். "டீச்சர், கொச்சையில எழுத விட்டா அது கையில ஒட்டிக்கும். ஏற்கெனவே நம்ம பொழப்பு சந்தி சிரிக்குது."

"அது கையில ஒட்டல சார், நாக்குலயே இருக்கு. மறைக்கச் சொன்னா ஆட்டுக்கு நாலு காலோட கதை முடிஞ்சிடுது."

"சரி, அரையாண்டு வரைக்கும் பாருங்க. சரிப்படலன்னா பழையபடி கட்டுரைய மனப்பாடம் பண்ண வச்சிடுவோம்."

அரையாண்டுத் தேர்வில் முயற்சி கவிழ்ந்தது. இரண்டு வாயும் கலந்து, 'ஆடு ஓடி வந்துச்சு கொண்டிருந்தது' என்று எழுதி வைத்திருந்தார்கள். மதிப்பெண் முன்பைவிடக் குறைவு. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரிடம் கணவர் தட்டை நகர்த்தி வைத்தார். "ரிவர்ஸ் எடுக்கப் பழகுறப்ப நான் எத்தன செவுத்த இடிச்சேன் தெரியுமா? அதுக்காக இவன் வண்டி முன்னாடி மட்டும் போகட்டும்னு விட்டாங்களா? சாப்பிடு."

காலையில் தலைமையாசிரியரிடம் போனார். அவர் அந்தத் தாள்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார். "மார்க் வரல டீச்சர். ஆனா நான் இருக்குற காலத்துல இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க இவ்வளவு பக்கம் எழுதினதே இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனப்பாடம் கிடக்கட்டும். நீங்க உங்க வழியிலயே நடத்துங்க."

தேர்வு முடிவு வந்தபோது அந்த வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலானவர்கள் தேறியிருந்தார்கள். நகரத்துக்கு ஈடில்லைதான், ஆனால் கிழக்கில் அப்படி யாரும் கண்டதில்லை. தேறாதவர்களில் ரேடியோவும் ஒருத்தி. ஆறுதல் சொல்ல டீச்சர் அவளைக் கூப்பிட்டார். அவளோ, "கதை சூடு பிடிச்சதும் மைக்க மறந்துட்டேன் டீச்சர்" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறுதேர்வு வைப்பாங்கல்ல? எங்கிட்ட இன்னும் எத்தனையோ கதை இருக்கு." மறுதேர்வில் அவள் கதையும் சூடு பிடித்தது, மைக்கும் மறக்கவில்லை, தேறிவிட்டாள்.

அதிகாரி பள்ளிக்கே வந்தார். தாள்களை நிதானமாகப் படித்தார். "ஒரு வகுப்ப வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதும்மா. அடுத்த வருஷம் தேர்ச்சி இறங்கினாலும் இறங்கும்" என்றார்.

"இறங்கலாம் சார். பேசுறபடி எழுத விட்டது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. இங்க கதைப் புத்தகம் வேணும். டீச்சருங்க ஓடாம இருக்கணும்."

"புத்தகம் நான் பாத்துக்குறேன். ஓடுறவங்கள நிறுத்துறது என் கையில இல்ல. நீங்க மத்த பள்ளிக்கூடத்து ஆளுங்களக் கூப்பிட்டுப் பேசுங்க." சொன்னபடி புத்தகங்கள் வந்தன. "இப்ப கேட்டா நகரத்துக்கே மாறுதல் கிடைக்கும் அண்ணி" என்றார் நாத்தனார். மைக் டீச்சர் கேட்கவில்லை.

இப்போது சில சனிக்கிழமைகளில் கிழக்குப் பள்ளி ஆசிரியர்கள் அவர் வகுப்பில், பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். தலைமையாசிரியர் டீ ஊற்றித் தருகிறார். போன வாரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாறுதலுக்கு எழுதிப் போட்டிருந்தவர், தன் மாணவன் தாளைப் படிக்க எழுந்தார். 'எங்கள் அப்பா குறட்டை விடும்போது பக்கத்து வீட்டு நாய், எதிரி வந்துவிட்டான் என்று எண்ணிக் குரைக்கும். அப்பா விழித்து, நாயால் தூக்கம் கெட்டது என்று திட்டுவார்.' அதற்குமேல் படிக்க முடியாமல் சிரிப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி பெஞ்சுல வாயே தெறக்காம இருந்தவன் இவன்" என்றார். "இன்னும் என்னல்லாம் வச்சிருக்கானோ, பாத்துட்டுத்தான் போகணும்."