மூன்றாம் தரம் கூப்பிட்டவர்

நஞ்சன்கூடு சாலையில் கடக்கோளாவை நெருங்கிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் மைசூரை விட்டுக் கிளம்பியவன், வழியில் ஒரு குட்டையில் தண்ணீர் குடித்ததைத் தவிர எங்கும் நிற்கவில்லை. தோளில் ஒரு கம்பளி, கம்பளிக்குள் ஒரு மாற்று வேட்டி, அவ்வளவுதான் சொத்து. ஓரிடம் கசந்துவிட்டால் யாரிடமும் சொல்லாமல் நடந்துவிடுவது என் பழக்கம். குடகுக் காப்பித் தோட்டத்திலிருந்து அப்படித்தான் நடந்தேன், கொள்ளேகாலில் ஒரு பட்டு நெசவுக்காரர் வீட்டிலிருந்தும் அப்படித்தான். ஆனால் அந்த இடங்களை விட்டு நடந்தபோது முதுகில் எதுவும் கனக்கவில்லை. இந்தத் தடவை கனத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று எதையும் நான் நம்பினவன் இல்லை. மழைக்குச் சுடுகாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி, விடியும்வரை குறட்டை விட்டுத் தூங்கியவன். இதையே வேறொருவர் என்னிடம் சொல்லியிருந்தால், நேற்று என்ன குடித்தீர் என்று கேட்டிருப்பேன். நீங்களும் கேட்கலாம், எனக்குக் கோபம் வராது.

எதை விட்டு நடந்தேன் என்று சொல்ல வேண்டும். மைசூரில் பிளேக் வந்த வருஷம் அது. அதற்குச் சில மாதம் முன்பு, இரண்டு வேளைச் சோறு கிடைக்கிறது என்பதற்காக ஒரு மிஷன் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டேன். யாக்கோபு என்று பெயர் வைத்தார்கள். அங்கே கப்பலேறி வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். கல்யாணம் ஆகாதவர், முப்பத்தைந்து வயதிருக்கும், மிஸ்ஸியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நோயாளிகளை எப்படித் தூக்குவது, புண்ணை எப்படிக் கழுவுவது, துணியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று எங்கள் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்தார். நோயாளிக்குப் பதிலாக ஒரு தவிட்டு மூட்டை. அதற்கு லாசரு என்று பெயர். மூங்கிலில் சாக்கைக் கட்டி, லாசருவைப் படுக்க வைத்து, பங்களாவைச் சுற்றித் தினம் பத்து நடை. மூட்டை சரிந்தால், "லாசருவுக்கு வலிக்கிறது" என்பார். விளையாட்டாகச் சொல்ல மாட்டார், உண்மையிலேயே அவர் முகம் சுருங்கும்.

அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அச்சடித்த தமிழ். கன்னடம் அரைகுறை. "ஸ்வாமி" என்பது மரியாதையான சொல் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டார். எங்களைத் தவிர ஆண், பெண், குழந்தை எல்லோருமே அவருக்கு ஸ்வாமிதான். வண்டி மாட்டைக்கூட "தள்ளி நில்லுங்கள் ஸ்வாமி" என்பார். சமையலையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்ட ரூத்தம்மா வாய்விட்டுச் சிரிப்பாள். "மாட்டுக்குப் பொட்டும் வெச்சுடுங்கம்மா" என்பாள். மிஸ்ஸியம்மாவும் சிரிப்பார், மறுநாள் மறுபடியும் ஸ்வாமிதான்.

பிளேக் பரவியதும் ஜனங்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கீற்றுக் குடிசை போட்டுக்கொண்டார்கள். காய்ச்சல் கண்டவர்களைச் சர்க்கார் ஆட்கள் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். அதனால் சில வீடுகளில் நோயாளியை உள்ளே விட்டு, குடத்தில் தண்ணீர் வைத்து, வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். அப்படி விட்டுப்போனவர்களைத் தேடி எடுத்து வருவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கைமணியை ஆட்டி, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று இரண்டு தரம் கூப்பிட வேண்டும். பத்து எண்ணும்வரை காது கொடுக்க வேண்டும். பதில் இல்லை என்றால் கதவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீடு. தெருக்கள் நிறைய, ஆட்கள் நாலு பேர், அதனால் இரண்டு தரம். மிஸ்ஸியம்மா வகுத்த கணக்கு அது. கோடு போட்ட வீடுகளில், வெயில் உள்ளே விழட்டும் என்று பின்னால் ஆட்கள் வந்து கூரை ஓட்டைப் பிரிப்பார்கள்.

இங்கேதான் என் தப்பு. எங்கள் பக்கம் ஹனூரிலும் சரி, மைசூரிலும் சரி, ஒரு வழக்கம் உண்டு. உச்சி வெயிலிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், முதல் இரண்டு தரம் வாயைத் திறக்கக் கூடாது. கெட்டது வந்து கூப்பிட்டால் இரண்டு தரத்தோடு போய்விடுமாம், மனிதர்தான் மூன்றாம் தரமும் கூப்பிடுவாராம். பிளேக் வந்த பிறகு எல்லா நேரமும் உச்சிவேளை மாதிரிதான் ஜனங்களுக்கு. மற்ற மூன்று பயிற்சிக்காரர்களும் மிஷன் காம்பவுண்டிலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு இது தெரியாது. மிஸ்ஸியம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவன் நான் ஒருவன். நான் சொல்லவில்லை. அந்த மூடத்தனத்தையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டேன் என்று ஞானஸ்நானத்தன்று எல்லோர் முன்னாலும் சொன்னவன், இப்போது போய் அதைச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? ஒவ்வொரு வாசலிலும் மூன்றாம் கூப்பாடு நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிக்கொண்டு கோடு போடுவேன்.

நான் கோடு போட்ட ஒரு வீட்டில் மூன்றாம் நாள் ஓடு பிரிக்கப் போனவர்கள் மேலேயிருந்து கத்தினார்கள். உள்ளே மாமியார் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் மருமகள், நஞ்சம்மா என்று பெயர், பதினேழு வயதிருக்கும், உயிர் இருந்தது. குடம் காலியாக இருந்தது. நோயாளிகளுக்காக ஊருக்கு வெளியே நாங்கள் போட்டிருந்த குடிசைக்குத் தூக்கி வந்தோம். மிஸ்ஸியம்மா அவள் உதட்டை ஈரத் துணியால் நனைத்துக்கொண்டே, நாங்கள் வந்து கூப்பிட்டோமே, கேட்கவில்லையா ஸ்வாமி என்று கேட்டார்.

"கேட்டுது. ரெண்டு தரம் கேட்டுது" என்றாள் நஞ்சம்மா. "மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

மிஸ்ஸியம்மாவுக்குப் புரியவில்லை. ரூத்தம்மா மெதுவாக விசாரித்து விளக்கிச் சொன்னாள். மிஸ்ஸியம்மா ஈரத் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாக்கோபு, நீ இந்த நாட்டில் பிறந்தவன். இந்த வழக்கத்தை நீ அறிந்திருந்தாயா?"

"இல்லீங்கம்மா, தெரியாதுங்க" என்றேன்.

அவர் என்னை நம்பினார். "அப்படியானால் இது என் குற்றம்" என்றார். நஞ்சம்மாவைத் தொட வேறு யாரையும் விடவில்லை. இரண்டு நாள் அவரே பக்கத்தில் இருந்தார், நஞ்சம்மா அவர் மடியில்தான் செத்தாள். அதற்கடுத்த நாள் மிஸ்ஸியம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். அக்குளில் நெறி கட்டியது. கோடு போட்ட வீடுகளுக்கு மறுபடி போய் மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்றிருந்தார், அவர் படுத்ததும் தெருவுக்குப் போவதே நின்றுவிட்டது. நான் குடிசை வாசல்வரை மூன்று தரம் போனேன், தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று. மூன்று தரமும் திரும்பினேன். நாலாம் நாள் விடியலில் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிட்டேன்.

கடக்கோளாவுக்கு முன்னால் சாலையோரம் புளியமரங்கள். சூரியன் நேர் உச்சியில், என் நிழல் என் காலடியிலேயே கிடந்தது. முன்னும் பின்னும் ஒரு ஈ காக்காய் இல்லை. அப்போது பின்னால் கைமணிச் சத்தம் கேட்டது. எந்தக் கைமணி என்று எனக்குத் தெரியாதா, தினம் நான் ஆட்டின மணி, ஓரத்தில் விரிசல் விட்டது, கரகரவென்று கேட்கும். மணி நின்றதும் குரல்.

"யாக்கோபு."

மிஸ்ஸியம்மா சொல்கிற மாதிரியே, கடைசி எழுத்தை விட்டுவிடப் பயந்தவர் போல அழுத்திச் சொன்ன குரல். நான் நின்றேன், திரும்பவில்லை. எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த நேரத்தில் என் உடம்பு எதை நினைத்தது தெரியுமா? வாயைத் திறக்காதே, இன்னும் ஒரு தரம் போகட்டும் என்று நினைத்தது. கழித்துப் போட்டேன் என்று சொன்னது எல்லாம் அப்படியே உள்ளே இருந்தது.

"யாக்கோபு."

இரண்டாவது. கொஞ்சம் கிட்டத்தில். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தேன். மூன்றாவது வந்திருந்தால் ஓடிப் போய்க் காலில் விழுந்திருப்பேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, என் நிழல் காலடியிலிருந்து ஒரு சாண் நகர்ந்திருந்தது. மூன்றாவது வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வெறும் சாலை.

அப்புறம் நடக்கவில்லை, ஓடினேன். வெயில் தாழ்கிற நேரத்துக்குக் குடிசைக்கு வந்துவிட்டேன். ரூத்தம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எல்லி போயிருந்தே நீ?" என்றாள். எங்கே போனாய் என்று. துக்கம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "மத்தியானம் போயிட்டாங்கப்பா. சரியா உச்சியிலே."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னைத்தான் கேட்டாங்க. தேடிப் பாத்தோம், ஆளைக் காணோம்னேன். அப்பறம் அவங்களே கூப்பிட்டாங்க. ரெண்டு தரம் யாக்கோபுன்னாங்க. மூணாவது தரம் வாயைத் தொறந்தாங்க, சத்தம் வரலை. தொறந்த வாய் தொறந்தபடியே…" அவளால் முடிக்க முடியவில்லை.

மணி அடித்தது யார் என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எந்த மணி? தலைவலி தாங்கலைன்னு சொன்னதாலே காய்ச்சல் வந்த அன்னிக்கே நான்தானே நாக்கைத் துணி போட்டுக் கட்டி வெச்சேன்." கட்டில் கால்மாட்டில் மணி தொங்கியது. நாக்கைச் சுற்றி வெள்ளைத் துணி, இறுக்கி மூன்று முடிச்சு.

அன்று மாலையே அடக்கம். அவருடைய ஊரிலிருந்து யாரும் வர முடியாது, ஒரு மாதத்துக்கும் மேல் கப்பலில் வர வேண்டிய தூரம். நானும் ரூத்தம்மாவும் மற்ற பயிற்சிக்காரர்களும்தான். லாசருவைத் தூக்கிப் பழகிய அதே மூங்கில், அதே சாக்கு. சரியாமல் கொண்டு போனோம். குழிக்குள் மண்ணைத் தள்ளும்போது, "தெரியுமுங்கம்மா" என்றேன். யாருக்குக் கேட்டதோ.

மறுநாள் விடிந்ததும் ரூத்தம்மாவிடம் மணியைக் கேட்டு வாங்கினேன். முடிச்சு மூன்றையும் அவிழ்த்தேன். அவளால் குடிசையை விட்டு வர முடியாது, மற்றவர்கள் பயந்து போயிருந்தார்கள், தனியாகத்தான் போனேன். நஞ்சம்மாவின் தெருவுக்கே போனேன், அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, என் கையால் கோடு போட்டு, ஓடு பிரிக்க ஆள் இன்னும் வராத ஒரு வீடு. வெளியே பூட்டு. மணியை ஆட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் என்று ரூத்தம்மா சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சத்தமும் வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

பூட்டைக் கல்லால் உடைத்தேன். நடுவயதுப் பெண் ஒருத்தி, கதவுவரை தவழ்ந்து வந்திருந்தாள். மூலையில் இரண்டு குடம், ஒன்றின் அடியில் இன்னும் தண்ணீர் இருந்தது. தேவராஜ மார்க்கெட் பக்கம் பூ விற்பவள், கொள்ளேகால்காரி, பேச்சிலேயே தெரிந்தது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது, ஆனால் வாய் மட்டும் சோரவில்லை.

"எங்க அந்தம்மா?" என்றாள்.

"எந்த அம்மாங்க? நான் மட்டுந்தான் வந்தேனுங்."

"சும்மா சொல்லாத. ரெண்டு தரம் நீ கூப்புட்ட, ஆம்பளக் கொரலு. நான் வாயத் தொறப்பனா? பேசாமக் கெடந்தேன். மூணாவது ஒரு பொம்பள கூப்புட்டாளே. பொம்பளைய புடிச்சு ஸ்வாமிங்கறா!" அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "உள்ளே இருக்கீங்களா ஸ்வாமின்னா. பேயா இருந்தா எம் பேரச் சொல்லி, எம் புருசன் கொரல்லயே தப்பில்லாமக் கூப்புடுமே. இப்பிடித் தப்பும் தவறுமாப் பேசறவ மனுசியாத்தான் இருக்கோணும்னு கதவத் தட்டுனேன்."

அவளை முதுகில் ஏற்றிக் கம்பளியால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அவள் பிழைத்தாள், அது பின்னால் நடந்த கதை. அன்று காலை ஒரு வேலையை நானாகவே ஏற்றுக்கொண்டேன், மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வாசலுக்கு மூன்று தரம் கூப்பிடுகிற வேலை.

குடிசைவரை அரை மைல். வழியெல்லாம் அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள், "அந்தம்மா பின்னால வர்றாங்களா?" என்று.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "வர்றாங்க" என்றேன். அது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.