பீரோவில் காத்திருந்த வெள்ளைப் பட்டு

ஒருவழியாக எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார், லீவு குறைவு. அதனால் அடுத்த வாரமே ஆலயத்தில் திருமணம்.

ஆரணியில் வெள்ளைப் பட்டு கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். நெய்துதான் தர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

இன்று தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"போன வருசம் உங்க சர்ச் பொண்ணு ஒண்ணுக்கு வெள்ளை நெய்தேம்மா. தறியில ஒருவாட்டி பாவு ஏத்துனா ரெண்டு பொடவையா வரும். மிஞ்சினத எங்க ஆளுங்க யாரும் முகூர்த்தத்துக்கு எடுக்கல. பேஜாரா பீரோவுல கெடந்துகினு இருக்குது, பாக்குறீங்களா?"

போன வருடம் முழுக்க நான் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரோ புடவையை முடித்துவிட்டு, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

ஞாயிறுதோறும் "எப்பம்மா கல்யாணம்?" என்று கேட்ட ஆன்ட்டிகளே, உங்களுடைய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். நானே பொறுத்தேன், நீங்களும் கொஞ்சம் பொறுங்கள்.