பக்கத்து இருக்கை பிரேக்

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். மீதிப் பேர் தெருவைக் கடக்கப் பயப்படுவதற்கும் அவரே காரணம் என்பார்கள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. “ஸ்டியரிங் உன் கையில, உயிர் என் காலுல” என்பதுதான் முதல் நாள் பாடம். அதனால் ஊருக்கு அவர் பிரேக் மாஸ்டர்.

வேலை முடிந்தாலும் அந்தக் கால் ஓயாது. பஸ்ஸில் போனால் வெறும் தரையை மிதிப்பார். மகளுக்கு வந்த வரன்களை வரிசையாக மிதித்தார். ஒருவன் எப்படியோ சந்தில் புகுந்து மருமகனாகிவிட்டான்.

மனைவிக்குப் புற்றுநோய் திரும்பி வந்தது. அதற்கு மாஸ்டரைத் தெரியாது.

“மருந்து ஏத்தலாம். கஷ்டம்தான் கூடும், நாள் கூடாது” என்றார் டாக்டர். இந்த ஆளுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் வேறு டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னார், இன்னும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து. மூன்றாவது ஆஸ்பத்திரியில் மீன் தொட்டி இருந்தது. அங்கே டாக்டர் “பார்க்கலாம்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மாஸ்டர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மருந்து ஏற்றப் போன காலையில் பயிற்சிக் காரைத்தான் எடுத்தார். மனைவி பக்கத்து இருக்கையில். பாதி வழியில் கார் குலுங்கி நின்றது. மாஸ்டர் மிதிக்கவில்லை; மிதித்தது பக்கத்து இருக்கை.

“என்ன பண்றே? பின்னாடி லாரி!”

“இருக்கட்டும். வீட்டுக்குத் திருப்புங்க. இதுக்கு மேல என்னால முடியாது.”

“டாக்டர் பார்க்கலாம்னு சொல்லியிருக்காரே!”

“அவர் பார்ப்பாரு. படுறது யாரு?”

“உன்னை எப்படி நான் விடுறது?”

“நீங்க விட்டாலும் விடாட்டியும் நான் போகத்தான் போறேன். ஊசிக்கு நடுவுல போறதா, வீட்டுல உங்ககிட்ட திட்டு வாங்கிட்டே போறதா, அதையாவது என் இஷ்டத்துக்கு விடுங்களேன்.”

லாரிக்காரர் இறங்கி வந்தார். “ஏன்யா, ரோடு உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?” என்று தொடங்கியவர், கார்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் குரலைத் தணித்தார். “ஓ, கத்துக்குறீங்களா? போகப் போக வந்துடும் சார்.”

மாஸ்டர் காரைத் திருப்பினார்.

அன்று சாயங்காலம் வலி வந்தது. மாத்திரை கொடுத்தார். தலையணையைச் சரி செய்தார். மறுபடியும் சரி செய்தார். அப்புறம் செய்ய ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏதாவது பேசுங்களேன்.”

முப்பது வருஷமாக உத்தரவு மட்டுமே போட்ட வாய் கொஞ்சம் திணறியது. “போன வாரம் வக்கீல் ஒருத்தர் கத்துக்க வந்தாரு. ரிவர்ஸ்ல போய் கரண்டு கம்பத்துல இடிச்சுட்டாரு. இறங்கிப் போய் கம்பத்துகிட்டயே வாதாடுறாரு, ‘நீ ஏன்யா இங்க நிக்கிறே’ன்னு.”

அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு வயிற்றில் போய்க் குத்த, மூச்சைப் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் பதறிப் பேச்சை விட்டுவிட்டார்.

“அப்புறம்?” என்றார் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

“அப்புறம் என்ன, கம்பம்தான் ஜெயிச்சுது.”