தில்லைநாதன் பிடித்த விரதங்கள்

இணுவில் லொறிக்காரர் தில்லைநாதன் நாற்பத்திரண்டு வயதில் திடீரென்று பக்திமானாகிவிட்டார். கொழும்புக்குப் புகையிலையும் வெங்காயமும் ஏற்றிப் போகிற மனிதர். வழிக்கடை இறைச்சி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, சாராயம், வாயில் அணையாத சுருட்டு என்று இருந்தவர், 1974 இல் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார். பிறகு கார்த்திகை, பிரதோஷம், கந்தசஷ்டி. கோயிலடியில் எல்லோரும் மெச்சினார்கள். மனைவி பத்மாசினிக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. விரதகாலத்தில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து படுப்பதில்லை. இவருக்கோ ஒரு விரதம் முடியமுன் அடுத்தது தொடங்கிவிடும்.

காரணத்தை அவரே பிற்பாடு வெட்கத்தை விட்டு, அயல்வீட்டுக்காரரான எங்களுக்குச் சொன்னார். படுக்கையில் உடம்பு அவர் சொல்லைக் கேட்கவில்லை. முதலில் களைப்பென்று நினைத்தார். அது தொடரவே பயந்துபோய் முருகனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பட்டணத்தில் ஆண்மை லேகியம் வாங்கி, லொறி சீற்றுக்கு அடியில் ஒளித்து வைத்து, சர்க்கரையும் நெய்யுமாக வழித்துத் தின்றார். கூடியது தாகமும் சோர்வும்தான்.

ஒரு பிரதோஷத்தன்று பத்மாசினி உடுப்புப் பையோடு எதிரே வந்து நின்றாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. வேறை ஆரும் இருக்கினமோ? ஓமெண்டால் நான் நீர்வேலிக்கு, அண்ணை வீட்டை போறன்."

ஓம் என்று சொல்லித் தப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாராம். ஆம்பிளை ரோசம் அப்படிப்பட்ட மூடத்தனம். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"உதுக்கோ என்னை இவ்வளவு காலமும் தனியப் படுக்க விட்டனீங்கள்? நாளைக்கு டொக்டரிட்டைப் போறம்," என்று பத்மாசினி பையை உள்ளே கொண்டுபோனாள்.

மூத்திரத்தைச் சோதித்த டொக்டர் சலரோகம், அதாவது நீரிழிவு, என்றார். என்ன சாப்பிடுகிறீர் என்று கேட்டார். தில்லைநாதன் பெருமையாக விரதச் சாப்பாட்டைச் சொன்னார்: பால், கதலிப்பழம், சர்க்கரைப் பொங்கல், மோதகம். லேகியத்தையும், விரதத்திலும் விடாத சுருட்டையும் சாராயத்தையும் பத்மாசினி சொன்னாள்.

"நீர் விரதம் பிடிக்கேல்லை ஐசே, சலரோகத்துக்குப் படையல் வைச்சிருக்கிறீர்," என்றார் டொக்டர். "சீனியும் சுருட்டும் ரத்தக் குழாயளைக் கெடுக்கும். ரத்தம் ஒழுங்கா ஓடாட்டில் அந்த இடம் மட்டும் எப்பிடி வேலை செய்யும்? மருந்து தாறன். சுருட்டையும் சாராயத்தையும் விடும். நல்லா நடவும்."

தில்லைநாதன் வீட்டுக்கு வந்ததும் லேகியப் போத்தலைக் குப்பையில் எறிந்தார். சுருட்டை விட்டது லேசாக நடக்கவில்லை. வழிநெடுகக் கண்டவனோடெல்லாம் கொளுவிச் சண்டை பிடித்தார். ஆனாலும் தொடவில்லை. பத்மாசினி அவித்த குரக்கன் பிட்டையும் முருங்கையிலைக் கறியையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். வழியில் கூட்டாளிகள் சாராயத்தை நீட்டினால், "நான் என்ரை மனிசிக்குப் புருஷனா இருக்கோணும்," என்று முகத்துக்கு நேரே சொன்னார். விடியற்காலையில் மருதனார்மடம் வரை நடந்தார், பத்மாசினியும் கூடவே. ஊர் சிரித்தது. அவர்கள் நடையை நிறுத்தவில்லை.

இளமை முழுதாகத் திரும்பியது என்றால் பொய். மெல்ல மெல்லத்தான் உடம்பு வழிக்கு வந்தது. வராத நாட்களிலும் இருவரும் ஒரே பாயில் கதைத்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கென்றால் அதுதான் பெரிய விஷயம்.

அடுத்த வருஷம் கந்தசஷ்டி தொடங்கியது. காப்புக் கட்டும் இடத்தில் அவரைக் காணாத கோயில் மனேச்சர் சிவசுப்பிரமணியம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன தில்லை, இந்தமுறை விரதம் பிடிக்கேல்லையோ? உடம்புக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை ஐயா," என்றார் தில்லைநாதன். "சுகம் வந்திட்டுது."