போலீஸுக்காக நான் எடுத்த படங்கள்

போட்டோ பிடிக்கிற தொழிலில் பாதி உழைப்பு, எதிரே நிற்பவரை "கொஞ்சம் அசையாம இருங்க" என்று கெஞ்சுவதிலேயே போய்விடும். கெஞ்ச வேண்டாத ஆட்களையும் நான் படம் எடுத்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாண ஜோடி, காதுகுத்துக் குழந்தை, பாஸ்போர்ட் சைஸ் என்று ஓடிய பிழைப்பு. யாராவது செத்துக் கிடந்தால் மட்டும் ஸ்டேஷன் ஏட்டு சைக்கிளில் வந்து, என்னையும் கேமராவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். சின்ன ஊரில் கடை வைத்திருப்பவன் பாடு உங்களுக்குத் தெரியாததா? போலீஸிடம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள்.

கண்

பாலாற்று மணலில் ஒரு அம்மாள் இறந்து கிடந்தாள். அறுபது வயதிருக்கும். தோடு இருந்த இடம் கிழிந்திருந்தது. யாரென்று தெரியவில்லை. "மூஞ்சிய மட்டும் பெருசா போடுபா. கண்ணு தெறந்துக்கினு இருக்கிற மாதிரி பண்ணு. பொணமா காட்டினா ஜனங்க பாக்க மாட்டாங்க" என்றார் ஏட்டு. பிரிண்டின் மேல் மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு கண் வரைந்தேன்.

படத்தை ஊர் ஊராகக் காட்டினார்கள். சில வாரம் கழித்து ஆரணிப் பக்கத்திலிருந்து மகள் வந்தாள். சாமி பார்க்கப் போகிறேன் என்று தனியாகக் கிளம்பிய தாயாம். ஸ்டேஷனிலிருந்து நேரே என் கடைக்கு வந்து, வீட்டில் மாட்ட ஒரு பிரிண்ட் கேட்டாள். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு மாறுகண்ணுபா. செத்தப்புறம் நேராக்கிட்டியே."

மாந்தோப்பு

அடுத்தவள் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஒரு மாந்தோப்பில் கிடைத்தாள். அவளும் தனியாகக் கோயிலுக்கு வந்தவள். அவளுக்கும் காது கிழிந்திருந்தது. இரண்டு பேருக்கும் காபியில் விஷ மருந்து கலந்து கொடுத்திருக்கிறான், ஒரே ஆள் வேலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவிழா நெருங்குகிறது, ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள், விஷயம் வெளியே போகக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு.

நான் படம் எடுத்து முடித்ததும் ஏட்டு குனிந்து, அவள் சேலையைக் கால்வரை இழுத்துவிட்டார். திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்தபடியே சொன்னார்: "எங்கம்மா வெள்ளிக்கிழமைன்னா தனியாத்தான் கோயிலுக்குப் போவுது. யார் காபி குடுத்தாலும் குடிக்காதேன்னு சொல்லலாம். ஏன்டான்னு கேட்டா என்னாபா சொல்றது?"

பிழைத்தவள்

வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் நெல் காயவைக்கும் ஒரு விதவைதான் அவனைக் கண்ணால் பார்த்துப் பிழைத்தவள். சாமி பார்க்கக் காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவன், "கூட்டம் ஜாஸ்தி, நான் குறுக்கால கூட்டிக்கினு போறேம்மா" என்று மரியாதையாகப் பேசி, ஆளில்லாத குளக்கரைக்கு அழைத்துப் போயிருக்கிறான். காபி நீட்டினான். விரதம், தரிசனம் முடியாமல் பல்லில் தண்ணீர்கூடப் படாது என்றாள். வற்புறுத்தினான். பிறகு காதைப் பிடித்தான். அவள் போட்ட கூச்சலில் ஓடிவிட்டான்.

போலீஸ் அவளை என் ஸ்டூடியோவில்தான் உட்கார வைத்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில நாள் போனது. ஒரு காலை, இன்னொரு கிழவியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தவனைக் காட்டினாள். பிடித்துவிட்டார்கள்.

தெருவே வந்து, உன்னைச் சாமிதான் காப்பாற்றியது என்று அவளைச் சுற்றி நின்றது. அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அந்த ரெண்டு பேரும் சாமி கும்பிடத்தானேண்ணா வந்தாங்க?"

அவன்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். நகக்கண்ணில் சிவப்பு ஏறியிருந்தது. ஸ்டேஷனில் படம் எடுக்கப் போனேன். "தலை சீவிக்கட்டா சார்?" என்று கேட்டான். குரலில் அவ்வளவு பணிவு.

சின்ன வயதில் அவன் தாய் அவனைக் கோயில் மண்டபத்தில் உட்காரவைத்து, சாமி பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள், திரும்பவே இல்லை என்று வாக்குமூலத்தில் சொல்லியிருந்தான். அதனால்தானோ என்று நான் மெல்ல இழுத்தேன். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அதே மண்டபத்துல என் தம்பியையும் பெத்தவங்க விட்டுட்டுப் போனாங்க. எங்கப்பா தூக்கிக்கினு வந்து வளர்த்தாரு. அவன் இப்ப வாத்தியாரு" என்றார்.

அவன் மனைவி

கேஸ் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போனபின் ஒரு பெண் கடைக்கு வந்து, முந்தானையிலிருந்து ஒரு கல்யாணப் படத்தை எடுத்தாள். பின்னால் என் கடை முத்திரை. மாலையோடு நின்றவன் அவன்தான். நானே எடுத்திருக்கிறேன், எனக்கு ஞாபகமே இல்லை.

"அவரை வெட்டி எடுத்துட்டு என்னை மட்டும் தனியா போட்டுத் தர முடியுமாண்ணா?" என்றாள். தெருவில் யாரும் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையாம். ஊரைவிட்டுப் போகப் போகிறாள். வெட்டினால் தோள் பக்கம் அசிங்கமாக வரும், உட்காரும்மா, புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் உட்காரவில்லை.

"இப்ப எடுத்தா இந்த மூஞ்சிதான் வரும். எனக்கு அந்த மூஞ்சி வேணும்ணா" என்றாள்.

கொலைகாரன் முகம் எப்படி இருக்கும் என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பாஸ்போர்ட் சைஸில் அவனும் நம்மைப் போலத்தான் இருந்தான்.