மண்டகப்பட்டு ரோட்டில் ஒரு மூன்று சுவர் ஓட்டல்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செல்வி இப்போது சினிமாவில் கலை இயக்குநர். தனியாகச் செட் போடும் முதல் படம் இது. "விழுப்புரம் பக்கத்துல ஒரு சாப்பாட்டுக் கடை கட்டியிருக்கேன். பிரிக்கிறதுக்குள்ள வந்து பாத்துட்டுப் போடி" என்றாள். தை மாதம், வெயில் இன்னும் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

எழும்பூரில் காலை ரயிலைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் விழுப்புரம். அங்கிருந்து செஞ்சி பஸ்ஸில் சுமார் இருபது கிலோமீட்டர். எல்லா பஸ்ஸும் மண்டகப்பட்டில் நிற்காது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய நிலத்தில், ரோட்டைப் பார்த்தபடி நின்றது ஓட்டல். பின்பக்கம் போனால் வெறும் சவுக்குக் கம்பு. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. உள்ளே சுவரில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்தேன். டீ டிகாஷனும் வார்னிஷும் என்றாள் செல்வி.

அன்று எடுக்க வேண்டியது கடைக்குள் கூட்டமாகச் சாப்பிடும் காட்சி. மூத்த நடிகர் ஒருவர் அன்று மாலையே வெளிநாடு கிளம்புகிறார். தவறினால் அந்தக் காட்சியே படத்தில் கிடையாது.

பதினோரு மணி வாக்கில் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. யூனிட்டுக்குச் சமைக்கும் காதர் பாய் இறங்கினார், கோட்டக்குப்பத்துக்காரர். கூடவே அண்டாக்கள், அரிசி, பருப்பு.

"சமையல் வண்டி திண்டிவனத்துலேர்ந்து வர்ற வழியில, கூட்டேரிப்பட்டாண்ட படுத்துக்கிச்சிமா. அடுப்ப வண்டியோட வெல்டு வெச்சிருக்குது, கழட்ட முடியல. ஒரே பேஜாரு."

தயாரிப்பு மேனேஜர் தலையில் கை வைத்தார். "நூத்தியிருபது பேரை பட்டினி போட்டுக்கினு ஷூட்டிங் பண்ண முடியாதுங்க. காட்சியில வைக்கவும் சாப்பாடு இல்ல. பேக்கப் சொல்லிடலாம்."

செல்வியின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அடுத்த கணம், "பாய், என் அடுப்பு நாலும் எரியும்" என்றாள்.

காதர் பாய் குனிந்து செட் அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். "மெய்யாலுமே அடுப்பாமா இது? நான் அட்டைன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!"

"மண்ணும் செங்கல்லும் பாய். சுவர்ல நிஜப் புகை படியணும்னு எரிச்சே பாத்துட்டோம்."

"மேல ஓலைக் கூரைங்க. பத்திக்கினா யாரு பதில் சொல்றது?" என்றார் மேனேஜர்.

செல்வி ஒரு கல்லை எடுத்து அடுப்புக்கு மேலே வீசினாள். டங்கென்று சத்தம். அந்தப் பகுதி மட்டும் தகரம். ஓலை மாதிரி வர்ணம் பூசியிருக்கிறார்கள். மேனேஜர் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டார்.

அலங்காரத்துக்கு அடுக்கியிருந்த விறகு அடுப்புக்குப் போனது. கடை முகப்பில் அழகுக்குத் தொங்கிய முருங்கைக்காயும் கூடையில் இருந்த கத்தரிக்காயும் சாம்பாருக்குப் போயின. நானும் வெங்காயம் உரித்தேன். எழும்பிய புகையைப் பார்த்த இயக்குநர் கேமராவைச் சமையல் பக்கம் திருப்பச் சொன்னார். "ஜல்தி, உப்பு எங்கப்பா?" என்று காதர் பாய் கத்தியது நடிப்பில்லை, அது அப்படியே படத்தில் வருகிறதாம்.

இரண்டு மணிக்கு இலையில் ஆவி பறக்கும் சோறு, சாம்பார், மல்லாட்டைத் துவையல். ஒரே டேக். இயக்குநர் 'கட்' சொல்லி வெகுநேரம் கழித்தும் மூத்த நடிகர் இலையை விட்டு எழவில்லை. "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க பாய்" என்றார். யூனிட் முழுக்கச் சிரித்தது. பிறகு லைட்மேன்கள், டிரைவர்கள், நாங்கள் எல்லோரும் அதே பெஞ்சுகளில் பந்தி பந்தியாகச் சாப்பிட்டோம். காதர் பாய் முதல் இலையைச் செல்விக்குப் போட்டார்.

நீங்கள் போகும்போது செட் இருக்காது. ஆனால் ரோட்டிலிருந்து சிறிது தூரம் உள்ளே மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது, அதற்காகவே போகலாம். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுமுன் ரோட்டுக்கு வந்துவிட்டால் பஸ்ஸுக்குத் தவிக்க வேண்டாம்.

மாலையில் செல்வியும் நானும் அங்கே போனோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்வதை அவளிடம் சொன்னேன்.

கரி படிந்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தாள்.

"ராஜா பெரிய ஆளுதான். ஆனா இன்னிக்கு நூத்தியிருபது பேருக்குச் சோறு போட்டது நான்டி!"